உங்கள் இணையக் கடையில் வாடிக்கையாளர் தடுமாறுகிறாரா?

முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு விற்பது தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரைக்குப் புதிதல்ல. இந்தக் கடலில் குளித்து எடுத்த சங்கு வங்காளத்திற்குப் போய், அங்குள்ள பெண்களின் கைகளில் வளையலானது. இங்கே கிடைத்த முத்து உலகச் சந்தைகளுக்குப் போனது. ஆனால் எடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் எப்போதும் வியாபாரிகள் இருந்தார்கள். இன்று ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். திரேஸ்புரத்தில் கருவாடு காய வைக்கும் ஒரு குடும்பம் சென்னைக்கும் கோவைக்கும் நேரடியாக விற்கலாம். இடையில் போகும் பணம் வீட்டிலேயே தங்கும்.

கடை திறப்பதும் கடினமல்ல. புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் கூட, ஷாபிஃபை, வூகாமர்ஸ் போன்றவை தரும் தயார் வடிவங்களைக் கொண்டு சில நாட்களில் ஒரு கடையை அமைத்துவிடலாம். கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. கடைக்கு வருபவர், யாரையும் கேட்காமல், தானாகவே பொருளைத் தேடி, நம்பி, பணம் கட்டி வாங்கிச் செல்ல வேண்டும். அதற்குத் தளம் எளிதாக இருக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம். கருவாட்டுக் கடையை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். மக்ரூன், கருப்பட்டி, புடவை, புத்தகம் என எதை விற்றாலும் இந்த வழிகள் பொருந்தும்.

சொல்லாமல் போகிறவர்கள்

தெருக் கடையில் ஒருவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால், கடைக்காரர் கவனிப்பார். "என்ன அண்ணாச்சி, வேற வேணுமா?" என்று கேட்பார். விலையா, தரமா, அளவா, எது தடை என்று அறிந்து கொள்வார். இணையக் கடையில் இது நடக்காது. வாடிக்கையாளர் பொருளை ஷாப்பிங் கார்ட்டில் போடுவார். பிறகு ஏதோ ஓர் இடத்தில் தடுமாறுவார். பிரவுசரை மூடிவிட்டுப் போய்விடுவார். ஏன் போனார் என்று உங்களுக்குத் தெரியாது. வந்தார் என்பதே கூடத் தெரியாது.

டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம், பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறது. பொருள் போடப்பட்ட ஒவ்வொரு 100 கார்ட்டுகளிலும் ஏறத்தாழ 70, பணம் கட்டாமலே கைவிடப்படுகின்றன. இவர்களில் பலர் சும்மா பார்க்க வந்தவர்கள். ஆனால் வாங்கவே வந்து, தளத்தின் குறையால் திரும்பியவர்களும் இவர்களில் உண்டு. அவர்களைத்தான் நாம் தக்க வைக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் மூன்று பதில்கள்

தளத்திற்குள் வருபவர் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். இங்கே என்ன விற்கிறார்கள்? என் ஊருக்கு அனுப்புவார்களா? இவர்களை நம்பலாமா? இந்த மூன்றுக்கும் முதல் பக்கத்திலேயே, ஸ்க்ரோல் செய்யாமல் பதில் கிடைக்க வேண்டும். "திரேஸ்புரம் கருவாடு. தமிழ்நாடு முழுவதும் அனுப்புகிறோம்" என்ற ஒரு வரி, அதன் கீழ் நான்கைந்து பொருட்களின் படங்கள், ஒரு போன் எண். இவ்வளவே போதும்.

ஓடும் எழுத்து, தானாக ஒலிக்கும் பாட்டு, படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாறும் பெரிய பேனர் ஆகியவற்றை விட்டுவிடவும். வரவேற்புரையையும் உங்கள் கடையின் வரலாற்றையும் தனிப் பக்கத்தில் வைக்கலாம். வாங்க வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசக் கூடாது.

ஒரு மீனுக்கு எத்தனை பெயர்?

தேடல் கட்டம் பல கடைகளில் பெயருக்குத்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் சீலா என்று சொல்லும் மீனைச் சென்னையில் வஞ்சிரம் என்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கம் அதுவே நெய்மீன். இங்கே சாளை என்றால் வேறு பல ஊர்களில் மத்தி. உங்கள் தளத்தில் சீலா என்று மட்டும் எழுதியிருந்தால், சென்னையிலிருந்து வஞ்சிரம் என்று டைப் செய்து தேடுபவருக்கு "பொருள் எதுவும் இல்லை" என்ற பதில் கிடைக்கும். பொருள் உங்களிடம் இருக்கிறது. அவர் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார்.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு பொருளின் விவரத்திலும் எல்லாப் பெயர்களையும் எழுதிவிடவும். "சீலாக் கருவாடு (வஞ்சிரம், நெய்மீன்)" என்று தலைப்பிலேயே தரலாம். பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்து தேடுவார்கள். நெத்திலி என்பதை ஆங்கில எழுத்துக்களில் மூன்று நான்கு விதமாக எழுதலாம். அந்த எழுத்து வடிவங்களையும் டேக் எனப்படும் குறிச்சொற்களாகச் சேர்க்கவும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். தூத்துக்குடி என்று தேடுபவரும் உண்டு, பழைய வழக்கப்படி டூட்டிகோரின் என்று தேடுபவரும் உண்டு.

பொருட்களைப் பிரிக்கும்போதும் வாங்குபவர் எப்படி நினைப்பார் என்று யோசிக்கவும். "வகை அ, வகை ஆ" என்று உங்கள் கணக்கு நோட்டில் இருக்கலாம். வாடிக்கையாளருக்குத் தேவையானவை "குழம்புக்கு", "வறுவலுக்கு", "உப்பு குறைந்தது" போன்ற பிரிவுகள்.

கண்ணாலும் மூக்காலும் பார்க்க முடியாது

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது ஏலம் எடுத்தவரின் அதிர்ஷ்டம். தூத்துக்குடிக் கடலில் அந்த முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்று போனது. முத்துக்காக அந்தத் துணிச்சல் செல்லும். அரைக்கிலோ நெத்திலிக்கு யாரும் அப்படிப் பணம் போட மாட்டார்கள்.

கடையில் கருவாடு வாங்குபவர் தொட்டுப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஈரம் இருக்கிறதா என்று ஒன்றை ஒடித்துக் கூடப் பார்ப்பார். இணையத்தில் இவை எல்லாவற்றுக்கும் பதிலாக இருப்பவை படமும் எழுத்தும்தான். எனவே, கடையில் உங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதவும். தலை நீக்கியதா? மணல் இருக்குமா? உப்பு எவ்வளவு? எந்த மாதம் காய வைத்தது? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? பார்சல் வரும்போது வாசனை வெளியே வருமா? அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் எழுதிப் பொருளின் பக்கத்தில் சேர்க்கவும்.

தூத்துக்குடி மக்ரூன் விற்பவருக்கு இன்னும் ஒரு கேள்வி உண்டு. மக்ரூனில் முந்திரி, சர்க்கரையுடன் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்கிறது. இது தெரியாத வெளியூர் வாடிக்கையாளர்கள் பலர். "முட்டை சேர்ந்தது" என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி எழுதிவிட வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடும் ஒருவர் ஏமாந்தால், அவர் மீண்டும் வர மாட்டார். நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

படம் எடுக்கும்போது அளவு தெரிய வேண்டும். கருவாட்டைத் தனியாக எடுத்தால் பெரிதா சிறிதா என்று தெரியாது. உள்ளங்கையிலோ ஒரு தட்டிலோ வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுக்கவும். இணையத்தில் கிடைக்கும் வேறு யாருடைய படத்தையும் போடாதீர்கள். வந்த பொருளும் படமும் வேறாக இருந்தால் நம்பிக்கை போய்விடும்.

படம் பெரிது, பொறுமை சிறிது

இங்கிலாந்தில் 1999 நவம்பரில் பூ டாட் காம் என்ற ஆடம்பர உடைக் கடை இணையத்தில் திறக்கப்பட்டது. முதலீட்டுப் பணத்திற்குக் குறைவில்லை. பொருட்களைச் சுழற்றிக் காட்டும் படங்கள், பேசி உதவும் ஒரு பொம்மைப் பெண் என்று தளம் முழுவதும் வேடிக்கைகள். அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் இருந்ததோ டயல் அப் மோடம். பக்கம் திறக்கவே நெடுநேரம் பிடித்தது. 2000 மே மாதத்தில் அந்தக் கடை மூடப்பட்டது. கட்டுப்பாடற்ற செலவு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் திறக்காத பக்கத்தில் யாரும் வாங்க முடியாது என்ற பாடத்தை அது உலகுக்குச் சொன்னது.

இன்று இணைப்பு வேகம் கூடிவிட்டது. படங்களின் அளவும் கூடிவிட்டது. மொபைல் போனில் எடுக்கும் ஒரு படமே 4, 5 எம்.பி. வரை இருக்கும். பத்துப் படங்களை அப்படியே ஏற்றினால், பஸ்ஸில் போகும்போது போனில் பார்க்கும் வாடிக்கையாளருக்கு வெள்ளைத் திரைதான் தெரியும். ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் பயனாளரின் எண்ண ஓட்டம் தடைபடுவதில்லை, பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது என்று ஜேக்கப் நீல்சன் 1993 ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

படத்தின் அளவைக் குறைக்க விலை கொடுத்து எந்தப் புரோகிராமும் வாங்க வேண்டாம். விண்டோஸ் பெயிண்ட் புரோகிராமில் படத்தைத் திறக்கவும். ரீசைஸ் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹாரிஸாண்டல் கட்டத்தில் 1000 என்று டைப் செய்திடவும். அகல, உயர விகிதத்தைக் காக்கும் அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், உயரம் தானாக மாறிக் கொள்ளும். பின்னர் சேவ் ஆஸ் மூலம் ஜேபெக் வடிவில் வேறு பெயரில் சேமிக்கவும். பல எம்.பி. இருந்த படம் பெரும்பாலும் சில நூறு கே.பி. அளவுக்கு வந்துவிடும். மூலப் படம் உங்களிடமே பத்திரமாக இருக்கும்.

வாசலில் பதிவேடு வேண்டாம்

பலசரக்குக் கடைக்குள் நுழையும்போதே ஒருவர் பெரிய நோட்டை நீட்டி, "பெயர், பாஸ்வேர்ட் எழுதிவிட்டு உள்ளே வாருங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? அடுத்த கடைக்குப் போவீர்கள். இணையக் கடைகள் பல இதைத்தான் செய்கின்றன.

அமெரிக்காவின் ஒரு பெரிய இணையக் கடையில் நடந்ததை, ஜேரட் ஸ்பூல் என்ற வல்லுநர் 2009 ஆம் ஆண்டில் விவரித்தார். கடையின் பெயரை அவர் வெளியிடவில்லை. கார்ட்டில் பொருளைப் போட்டுப் பணம் கட்டப் போகும்போது, இமெயில் முகவரி, பாஸ்வேர்ட் கேட்கும் ஒரு சிறிய படிவம் வரும். லாகின், ரிஜிஸ்டர் என்று இரண்டு பட்டன்கள். அடிக்கடி வருபவர்களுக்கு வசதி என்று நினைத்து வைத்தது. ஆனால் புதியவர்கள் பதிவு செய்ய விரும்பவில்லை. பழையவர்களுக்கோ எந்த இமெயில், எந்த பாஸ்வேர்ட் கொடுத்தோம் என்பது நினைவில்லை. மறந்துபோன பாஸ்வேர்டைக் கேட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அதன் பின் வாங்க முயலவே இல்லை.

என்ன செய்தார்கள்? ரிஜிஸ்டர் பட்டனை எடுத்துவிட்டு, "தொடர்க" என்ற பட்டனை வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்கு தொடங்கத் தேவையில்லை என்று பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்த விற்பனை 30 கோடி டாலர். இத்தனைக்கும் காரணம் ஒரு பட்டன்.

உங்கள் கடையில் இதைச் செய்வது எளிது. வூகாமர்ஸ் பயன்படுத்தினால், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் அண்ட் பிரைவசி பிரிவுக்குச் சென்று, கணக்கு இல்லாமலே ஆர்டர் தரும் கெஸ்ட் செக் அவுட் வசதியை இயக்கவும். மற்றத் தயார் வடிவங்களிலும் இது போன்ற வசதி இருக்கிறதா என்று பார்க்கவும்.

நம் ஊர்ப் பெயருக்கு ஏற்ற படிவம்

வெளிநாட்டில் உருவான படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தருகின்றன. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கடைசிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. இனிஷியலை மட்டும் போட்டால் "இரண்டு எழுத்தாவது வேண்டும்" என்கிறது. கடைசியில் அப்பா பெயர் சேர்ந்து, பார்சல் அப்பா பெயருக்கு வருகிறது. "பெயர்" என்று ஒரே கட்டம் வைத்தால் போதும்.

முகவரியில் பின்கோடை முதலில் கேட்கவும். ஆறு இலக்கங்களில் மாநிலமும் மாவட்டமும் தெரிந்துவிடும். 628001 என்று டைப் செய்தவுடன் தூத்துக்குடி, தமிழ்நாடு என்று தானாக நிரம்பும்படி செய்யலாம். "அருகிலுள்ள அடையாளம்" என்று ஒரு கட்டமும் தேவை. "கோயிலுக்கு எதிர்ச் சந்து, தண்ணீர்த் தொட்டி பக்கம்" என்பதை வைத்துத்தான் நம் ஊர்களில் கூரியர் பையன் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். போன் எண்ணை இடைவெளி விட்டு எழுதினாலும், முன்னால் 0 அல்லது 91 சேர்த்தாலும் தளம் ஏற்றுக் கொள்ள வேண்டும்.

தவறு நேர்ந்தால், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று அதன் கீழேயே தமிழில் சொல்லவும். ஏற்கெனவே டைப் செய்தவற்றை அழித்துவிடக் கூடாது. பிறந்த நாள், பாலினம், திருமண நாள் போன்றவை கருவாடு அனுப்பத் தேவையில்லை. கேட்காதீர்கள்.

மொத்த விலையை முதலிலேயே

கார்ட்டைக் கைவிட்டவர்களைக் கேட்டால் அதிகம் பேர் சொல்லும் காரணம், கடைசியில் ஏறும் கூடுதல் செலவு. 300 ரூபாய் என்று பார்த்துப் போட்டவரிடம், முகவரி, போன் எண் எல்லாம் வாங்கிக் கொண்டு, இறுதிப் பக்கத்தில் கூரியர் 90, பேக்கிங் 20 என்று 410 ரூபாய் காட்டினால் கோபம் வராதா? பொருளின் பக்கத்திலேயே பின்கோடு போட்டு அனுப்பும் செலவைத் தெரிந்து கொள்ள வழி செய்யவும். முடியாவிட்டால் "தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்திற்கு இவ்வளவு" என்று அட்டவணை தரவும்.

இது சட்ட விஷயமும் கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், வாடிக்கையாளரை ஏய்க்கும் 13 வகை உத்திகளைத் தடை செய்கின்றன. விலையின் ஒரு பகுதியை மறைத்துக் கடைசியில் ஏற்றுவது, கேட்காத பொருளை கார்ட்டில் நுழைப்பது, "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன.

பணம் கட்டும் நேரம்

வாடிக்கையாளர் அதிகம் பயப்படும் இடம் இது. நம் நாட்டில் யு.பி.ஐ. 2016 ஆம் ஆண்டில் வந்த பின், கார்டு எண் டைப் செய்யும் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனால் பணம் கட்ட வேறு அப்ளிகேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பல தளங்களில் கார்ட் காலியாகக் கிடக்கிறது. பணம் போனதா, ஆர்டர் ஆனதா என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தளத்தில் ஒரு சிறிய தொகையைக் கட்டி நீங்களே சோதித்துப் பார்க்கவும். வெற்றி பெற்றால் ஆர்டர் எண்ணுடன் உடனே எஸ்.எம்.எஸ். அல்லது வாட்ஸ் அப் செய்தி போக வேண்டும். தோல்வி என்றால், "பணம் பிடிக்கப்பட்டிருந்தால் யாரை அழைப்பது" என்ற விவரம் அதே திரையில் இருக்க வேண்டும்.

பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் முறையையும் யோசிக்கவும். 2007 ஆம் ஆண்டில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010 ஆம் ஆண்டில் இந்த முறையைக் கொண்டு வந்தது. இணையத்தில் பணம் கட்டத் தயங்கிய பலர் அதன் பிறகுதான் வாங்கத் தொடங்கினர். உங்கள் கடையை அறியாதவருக்கு இன்றும் அந்தத் தயக்கம் இருக்கும்.

ஆள் இருக்கிறாரா?

2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, இணையக் கடைகள் தங்கள் பெயர், முகவரி, குறை தீர்க்கும் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தர வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். விதிக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். முகவரியும், எடுத்துப் பேசும் ஒரு போன் எண்ணும், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் தளத்தில் இருந்தால், பார்ப்பவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அழைக்கலாம் என்றும் எழுதவும். உடைந்த மக்ரூன் வந்தால் என்ன செய்வீர்கள், பணம் திரும்பத் தருவீர்களா என்பதை வளைக்காமல் நான்கு வரிகளில் சொல்லவும்.

ஐந்து பேர் போதும்

எல்லாம் செய்தாகிவிட்டது. தளம் எளிதாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? நீங்கள் பார்த்தால் தெரியாது. உங்களுக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியுமே! நீல்சன் 2000 ஆம் ஆண்டில் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே, தளத்தின் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

அத்தை, பக்கத்து வீட்டு மாமா, கல்லூரி மாணவர், இணையத்தில் எதையுமே வாங்காத ஒருவர், கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும் என்கிற ஒருவர் என ஐந்து பேரை அழைக்கவும். ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்து, அவரவர் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லவும். "சென்னையில் இருக்கும் அக்காவுக்கு அரைக்கிலோ நெத்திலி அனுப்புங்கள்" என்று ஒரு வேலை கொடுக்கவும். பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "அதை அழுத்துங்க அத்தை" என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். உண்மையான வாடிக்கையாளரின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லித் தர முடியாது அல்லவா? அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக அழுத்துகிறார், எங்கே "இது என்னது?" என்கிறார் என்று குறித்துக் கொள்ளவும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், தவறு அவர்களுடையது அல்ல. அந்த இடத்தைத் திருத்திவிட்டு மீண்டும் சோதிக்கவும்.

ஒரு பார்வையில்

* என்ன விற்கிறீர்கள், எங்கே அனுப்புவீர்கள் என்பது முதல் திரையிலேயே தெரிய வேண்டும்.
* ஒரு பொருளுக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் சேர்க்கவும்.
* கடையில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பக்கத்தில் பதில் இருக்கட்டும்.
* படங்களைச் சுருக்கி ஏற்றவும்.
* கணக்கு தொடங்காமலே வாங்க விடவும்.
* பெயருக்கு ஒரே கட்டம், பின்கோடு முதலில்.
* அனுப்பும் செலவை முன்பே சொல்லவும்.
* பணம் கட்டும் வழியை நீங்களே சோதிக்கவும்.
* முகவரி, போன் எண், குறை தீர்க்கும் வழி தெளிவாக இருக்கட்டும்.
* ஐந்து பேரைக் கொண்டு, பேசாமல் சோதிக்கவும்.

இவற்றில் பலவற்றுக்குப் பணச் செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பெரிய கடைகளிடம் விளம்பரத்திற்குக் கோடிக் கணக்கில் பணம் இருக்கிறது. வந்த வாடிக்கையாளரை இழந்தாலும், நாளை வேறு பத்துப் பேரைக் கொண்டு வருவார்கள். சிறிய கடைக்கு அந்த வசதி கிடையாது. வந்த ஒருவர் தடுமாறாமல் வாங்கிச் சென்றால்தான், அவர் சொல்லி அடுத்தவர் வருவார். இன்றே உங்கள் தளத்தை ஒரு புதியவரின் கையில் கொடுத்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.